பண்ணையார் முன்சீட்டில் உட்கார்ந்த நாள்

ஆதம் பிறந்தது தென்காசியில், நெசவுக் குடும்பத்தில். அவனுடைய வாப்பா தறியில் உட்கார்ந்தாரென்றால் பாங்கு சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பார். மகனுக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். மீசை முளைக்கிற வயதில் செங்கோட்டை பஸ்ஸில் கிளீனராகத் தொற்றிக்கொண்டான். படியில் தொங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டிரைவரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கி, ஒருவழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். ஓரிடத்தில் உட்காராத பயல் கடைசியில் உட்கார்ந்தே பிழைக்கிற தொழிலுக்குத்தான் வந்து சேர்ந்தான் என்று வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பஸ் ஓட்டிய கால் ஒரு தினுசு. அந்தப் பஸ்ஸில் ஆள், கோழி, பலாப்பழம், வாழைத்தார் என்று பின்பக்கம் பிதுங்கி வழியும். ஏற்றம் வந்தால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தால்தான் முக்கி முனகி நகரும். வருஷக்கணக்கில் அப்படி மிதித்து மிதித்து ஆதமின் வலது காலுக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. ஏற்றத்தைக் கண்டால் போதும், இவன் சொல்லாமலே கால் கீழே போய்விடும்.

முப்பத்தேழாம் வருஷம் வீரகேரளம்புதூர்ப் பண்ணையார் சிவனணைந்தபெருமாள் பிள்ளை ஒரு அமெரிக்கக் கார் வாங்கினார். எட்டு சிலிண்டர். முன்பக்கம் மட்டுமே ஒரு வில்வண்டி நீளம் இருக்கும். இன்ஜின் பலமெல்லாம் பின்சக்கரத்துக்குத்தான் போகும், முன்சக்கரம் வழியைக் காட்டுவதோடு சரி. அதை ஓட்டத் தெம்பான ஆள் வேண்டுமென்று தேடி ஆதமைப் பிடித்தார்கள். காக்கிச் சட்டை, தலைக்குத் தொப்பி, மாசம் பிறந்தால் சம்பளம். அவன் பெண்டாட்டி ராபியாவுக்கு மாப்பிள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாளவில்லை.

காரில் உட்காருவதற்கு ஒரு முறை இருந்தது. பண்ணையார் பின்சீட்டில் நடுநாயகமாக உட்காருவார். ஆள் ஒரு கோட்டை நெல் கனம். பக்கத்தில் அவர் சம்சாரம் வடிவம்மாள், அவரும் இளைத்தவர் இல்லை. சுற்றிலும் சாப்பாட்டுக் கூடை, பித்தளைத் தூக்கு, விருந்தாளிகள். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் வெற்றிலைச் செல்லமும் எச்சில் துப்புகிற படிக்கமும் மட்டும் போகும். முதலாளி என்றால் பின்னால்தான் உட்கார வேண்டும், முன்னால் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். அந்தக் காலத்தில் பண்ணையார் வீட்டுக் கார் எல்லாவற்றிலும் இதுதான் சட்டம்.

சாரல் காலம் வந்ததும் குடும்பம் குற்றாலத்தில் ஒரு பங்களாவை எடுத்துக்கொண்டு தங்கியது. அருவியில் குளிக்க உறவுக்கூட்டம் வருவதும் போவதுமாக இருக்கும். தென்காசி ஸ்டேஷனில் இருந்து அவர்களைக் கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும் ஆதமின் வேலை. விட்டுவிட்டு வெறும் காரோடு திரும்பி வருவான். கோளாறு அந்தத் திரும்பி வருவதில்தான் இருந்தது.

மேலகரம் தாண்டிக் குற்றாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு மருதமரம். அங்கே ரோடு வளைந்துகொண்டே மேலே ஏறும். ஒருநாள் சாயங்காலம் ஆதம் தனியாக வந்தான். மழை என்று சொல்ல முடியாது, முகத்தில் தெளிக்கிற மாதிரி சாரல். வளைவில் திரும்பி, ஏற்றத்தில் வழக்கம்போல் மிதித்தான். இன்ஜின் உறுமியது. கார் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்பக்கம் சர்ரென்று வெளியே போயிற்று. இவன் திகைத்துப்போய் எதையோ செய்ய, கார் ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. இறங்கி நான்கு டயரையும் தட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கல்லா, சாணியா என்று ரோட்டைப் பார்த்தான். அதுவும் இல்லை.

மறுநாள் அதே வளைவில் பண்ணையார் குடும்பத்தோடு வந்தபோது கார் தேர் மாதிரி நேராக ஏறியது. அதற்கடுத்த நாள் தனியாக வந்தான், மறுபடியும் வாலை ஆட்டியது. கொட்டோ கொட்டென்று மழை கொட்டிய ஒரு நாள் தனியாகவே வந்தான், ஒன்றுமே ஆகவில்லை. பெரிய மழையில் பிடித்துக்கொண்டு போகிற வண்டி இத்தனூண்டு சாரலுக்கு ஏன் வழுக்க வேண்டும்? கூட்டத்தோடு போனால் சாதுவாக இருப்பது தனியாக வந்தால் மட்டும் ஏன் திமிர வேண்டும்? ஆதமுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பழைய பஸ் கூட்டாளி மசூதுவிடம் கேட்டான். "வழுக்குனா பிரேக்க ஒரே அமுக்கா அமுக்குலே, வேற என்ன?" என்றான் அவன். ஆதம் அமுக்கிப் பார்த்தான். கார் பம்பரம் மாதிரி இன்னும் வேகமாகச் சுழன்றது. ஒருநாள் பின்பக்கம் இடதுபுறம் போனபோது பதற்றத்தில் இவன் கையும் ஸ்டியரிங்கை இடதுபுறமே திருப்பிவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தான். கார் சாதுவாக நேரானது. தப்பாகத் திருப்பினால் நேராகிறது, சரியாகத் திருப்பினால் சுற்றுகிறது! இது என்ன கூத்து என்று அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்த வளைவில் உச்சிமாகாளி என்ற பழக்காரன் கூடை போட்டிருந்தான். பலா, மங்குஸ்தான், கொய்யா. ஏற்றத்தில் வண்டிகள் மெதுவாகப் போகும், வியாபாரம் நடக்கும் என்று கணக்குப் பண்ணி உட்கார்ந்த ஆள். "மருதமரத்து மாடன் ஒன்கிட்ட என்னமோ கேக்கான் டிரைவரே" என்றான் அவன். "நம்ம மார்க்கத்துக்கு அதெல்லாம் ஆகாதுவே" என்று ஆதம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து, "நீயே உடைச்சுக்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவன் கையில் கொடுத்தான். அன்றைக்கு விருந்தாளிகளோடு வந்தான், வழுக்கவில்லை. மாடன் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். அடுத்த நாள் வெறும் காரோடு வந்து உச்சிமாகாளியின் மங்குஸ்தான் கூடை மேலேயே பின்சக்கரத்தை ஏற்றிவிட்டான். மாடனுக்கு உடைத்த தேங்காயில் பங்கு வாங்கித் தின்ற வாயாலேயே உச்சிமாகாளி அவனைக் கண்டபடி ஏசினான்.

கூடையோடு போயிருந்தால் பரவாயில்லை. உச்சிமாகாளி அன்று முதல் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தான். முதலாளி இருந்தால் நேராகப் போகிறான். தென்காசிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தால் மட்டும் கோணல்மாணலாக வருகிறான். தென்காசியில் என்ன இருக்கிறது? கள்ளுக்கடை இருக்கிறது. இதற்குமேல் யோசிக்க என்ன உண்டு? அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவன் முதல் பங்களா சமையற்காரன் வரைக்கும் அந்தக் கணக்கு ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆதம் ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போய் அசர் தொழுதுவிட்டு வருகிறவன். கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. பங்களாவில் அவன் போனால் பேச்சு நிற்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேலை போனால் போகட்டும், பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விடலாம். குடிகாரன் என்ற பேரோடு எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைவது? ராபியா காதில் விழுந்தால் என்ன நினைப்பாள்? தினமும் வேலை முடிந்து குற்றாலத்தில் இருந்து சைக்கிளில் வீட்டுக்கு வருவான். வாயே திறக்கமாட்டான். அவளும் எதுவும் கேட்கவில்லை. நல்லவேளை, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

குழப்பம் முற்றி, அவனுக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் தூங்கிவிடுகிறேனோ? கண் மங்குகிறதோ? காப்பியில் எவனாவது எதையாவது கலந்து கொடுக்கிறானோ? இல்லாவிட்டால் ஓட்டவே தெரியாதவன் இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேனோ?

பண்ணையார் காதுக்கும் பேச்சு போயிற்று. அவர் ஊர்க் கோயில் தர்மகர்த்தா. குடி என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு ஆளை நிறுத்துகிறவரும் இல்லை, எதையும் தானே பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். மைத்துனரை ரயிலேற்றும் சாக்கில் ஒருநாள் தானும் ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் போயிற்று. ஆதமைப் பள்ளிவாசலுக்குப் போய்வரச் சொல்லிவிட்டு ஸ்டேஷனிலேயே காத்திருந்தார். அவன் திரும்பி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். பண்ணையார் அந்தப் பக்கம் வரவே இல்லை.

"முன்னால உக்காருதேன். அந்தக் கதவத் திறலே."

"முதலாளி, முன்னால தோதா இருக்காதே..."

"திறன்னா திற."

ஸ்டேஷன் போர்ட்டர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். செல்லத்தையும் படிக்கத்தையும் பின்சீட்டில் வைத்துவிட்டு, பண்ணையார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆதமுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் என்ன சொன்னாலும் முதலாளி நம்மை நம்புகிறார், நாலுபேர் பார்க்கட்டும் என்றுதான் பக்கத்தில் உட்காருகிறார் என்று எண்ணி அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தான். வெளியே பொடிச் சாரல்.

"மத்தியானம் என்னலே சாப்பிட்ட?" என்று கேட்டுக்கொண்டே பண்ணையார் அவன் பக்கம் சாய்ந்தார்.

"சோறும் மீன் ஆணமும், முதலாளி."

"பெறவு?"

"ஒரு காப்பி."

"என்னலே முணுமுணுக்க? வாயத் திறந்து நல்லா சத்தமாச் சொல்லு."

"காப்பி, முதலாளி!"

சாப்பாட்டைக்கூட விசாரிக்கிறாரே என்று ஆதம் உருகிப்போனான். மேலகரம் தாண்டியது. பண்ணையார் இன்னும் நெருங்கினார். "ஏதாவது பாட்டு கீட்டு வருமாலே ஒனக்கு? எடுத்து விடேன்" என்றார். பாட்டா? ஆதம் விழித்தான். ஓரக்கண்ணால் பார்த்தான். முதலாளியின் மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

அப்போதுதான் புரிந்தது. மோந்து பார்க்கிறார்.

அவமானத்தில் காதெல்லாம் கொதித்தது. பெற்ற வாப்பாகூட அவனை அப்படிச் சோதித்ததில்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாமே, குர்ஆன்மேல் கைவைத்துச் சொல்லியிருப்பானே. கோபத்தில் கண்ணும் மறைத்தது, மருதமரமும் வந்தது. வலது கால் தன் பழைய புத்தியைக் காட்டி அடிவரைக்கும் போயிற்று.

எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் அலறியது. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போயிற்று. மருதமரம் ஒருமுறை எதிரே வந்தது, போயிற்று, திரும்பவும் வந்தது. பண்ணையார் "எம்பெருமானே!" என்று கத்திக்கொண்டு ஆதமின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கார் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, தென்காசியைப் பார்த்த வாக்கில் வாய்க்கால் ஓரத்தில் நின்றது. பண்ணையாரின் மூக்கு டிரைவரின் வாய்க்குச் சரியாக ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. இருவரும் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்கள். மீன் குழம்பு வாடையும் காப்பி வாடையும் தவிர வேறொன்றும் இல்லை என்பது பண்ணையாருக்கு இப்போது சந்தேகமறத் தெரிந்திருக்கும்.

அவர் இறங்கினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். பின்கதவைத் தானே திறந்து தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆதம் காரைத் திருப்பி அதே வளைவில் ஏறினான். நேராகப் போயிற்று.

பங்களாவில் பண்ணையார் வடிவம்மாளிடம் சொன்னது இவ்வளவுதான்: "முன்சீட்டு எனக்கு ஆகாது." ஆதமைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. டிரைவர் வாயை மோந்து பார்க்கப் போனேன் என்று எந்தப் பண்ணையார் வெளியே சொல்லுவார்? விஷயம் அப்படியே அமுங்கிப்போயிருக்கும், ஆதமின் பேரும் அப்படியே அழுகிப்போயிருக்கும். ஆனால் மருதமரத்தடியில் உச்சிமாகாளி இருந்தானே!

"முதலாளியும் சேர்ந்து போட்டுட்டாரு போல" என்று அவன் ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் முன்னால உக்காந்து, ஒருத்தர் கழுத்த ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாராவ. ஸ்டேஷன்ல பாட்டுப் பாடச் சொன்னாராம்லா!" பாட்டு விஷயம் ஆதம் சமையற்காரனிடம் வாய்தவறிச் சொன்னது; கேட்கப்பட்டது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டேஷனில் இல்லை. ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? தர்மகர்த்தா குடித்துவிட்டு டிரைவர் கழுத்தில் தொங்கினார் என்று வீரகேரளம்புதூர் வரைக்கும் பரவிவிட்டது.

பண்ணையார் ஆடித்தீர்த்துவிட்டார். தான் குடிக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? டிரைவர் குடித்திருந்தான் என்றால், குடிகாரன் பக்கத்தில் ஏன் உட்கார்ந்தீர் என்பார்கள். டிரைவரும் குடிக்கவில்லை, தானும் குடிக்கவில்லை என்றால் கார் ஏன் சுற்றியது என்பார்கள். ஆதமைக் கூப்பிட்டு, "ஏலே, அது ஏம்லே சுத்துது?" என்று முதன்முறையாகக் கேட்டார்.

ஆதம் தலையைச் சொறிந்தான். "எனக்குப் புரியலியே முதலாளி. ஆனா அன்னைக்கு நீங்க பின்னால ஏறினதும் நேராப் போச்சு. ஆள் கூட்டத்தோட வந்தா எப்பவும் நேராத்தான் போவுது. பின்னால பாரம் இருந்தா..."

"பாரமா? நான் என்ன மூட்டையாலே?"

பண்ணையார் அவனை முறைத்தார், தன் வயிற்றையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "நெல்லு மூட்டை எடுத்துட்டு வாங்கலே" என்று கத்தினார்.

மறுநாள் நல்ல சாரல். மருதமரத்தடியில் பண்ணையார் குடை பிடித்து நின்றார். அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. ஆதம் முதலில் வெறும் காரை ஓட்டிவந்து ஏற்றத்தில் மிதித்தான். எல்லாரும் பார்க்கப் பார்க்கக் கார் வாலை ஆட்டிக் குறுக்கே நின்றது. பிறகு பின்பக்கம் நெல் மூட்டைகளை ஏற்றினார்கள். அதே வளைவு, அதே ஏற்றம், அதே சாரல். கார் கோடு போட்ட மாதிரி ஏறிப் போயிற்று.

"ஏலே உச்சிமாகாளி, பாத்துக்கிட்டியா?" என்று பண்ணையார் கர்ஜித்தார். "எங்க டிரைவர் ஒரு சொட்டு குடிக்கிறவன் இல்ல. நானும் இல்ல. நெல்லு மூட்டையா அவன் குடியை நிறுத்துச்சு?" கூட்டம் சிரித்தது. உச்சிமாகாளி மட்டும், அப்போது அந்தக் கழுத்தைக் கட்டிப்பிடித்தது எதற்கு என்று கேட்க வாயெடுத்து, முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு மங்குஸ்தானைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆதம் அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்தக் காரை ஓட்டினான். சாரல் காலம் முழுக்கப் பின்னால் மூட்டை கிடக்கும். ஈர ரோட்டில் தூங்குகிற பிள்ளை பக்கத்தில் நடக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுவான், வளைவுக்குள் தொடமாட்டான். பின்பக்கம் எந்தப் புறம் போகிறதோ அந்தப் புறமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புவான். சாரல் ரோட்டுப் புழுதியையும் எண்ணெயையும் குழைத்துப் பசை மாதிரி ஆக்கிவிடுகிறது, பெருமழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம் என்றான். எல்லாம் கைக்கும் காலுக்கும் வந்துவிட்டது, ஏன் என்று கேட்டால் மட்டும் கடைசிவரைக்கும் தலையைச் சொறிவான்.

ஆனால் அவனுக்கு ஆயுசுக்கும் விளங்காமல் போனது வேறொன்று. மூட்டை ஏற்றிய அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான். ராபியா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் மறைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினான். ஊர் பேசியது, பண்ணையார் மோந்து பார்த்தது, மூட்டை, எல்லாம்.

"எனக்கு எப்பமோ தெரியும்" என்றாள் ராபியா.

"ஊரு பேசுனதா?"

"அதுவும் தெரியும். நீங்க குடிக்கலங்கதும் தெரியும்."

ஆதமுக்கு மனசு குளிர்ந்தது. ஊரே ஒருபக்கம் நின்றபோதும் இவள் நம்பியிருக்கிறாள். "எப்படிட்டீ தெரியும்?"

ராபியா கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க அசந்து தூங்கையில தெனமும் வாய மோந்து பாப்பேன்."

பண்ணையார் ஒரே ஒரு நாள் மோந்ததற்கு இவனுக்கு உயிர் போயிற்று. இவள் தினமும் மோந்திருக்கிறாள். கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்பதுதான் அவனுக்குக் கடைசிவரைக்கும் விளங்கவில்லை.

"அப்பம் நீயும் நம்பல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?" ராபியா அடுத்த துணியை ஓங்கி உதறினாள். "கெணத்தடியில ஒருத்தி விடாம கேப்பா, ஒம் மாப்பிள்ளை இன்னைக்கும் போட்டாரான்னு. ராத்திரி மோந்து பாத்து, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சாத்தான் மறுநாள் கொடத்தத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள தல நிமிந்து போவேன். எனக்கு வேற என்ன தெம்பு இருந்துச்சு?"

ஆதம் வாளியில் மிச்சமிருந்த ஈரத் துணியை எடுத்துப் பிழிந்தான். அவள் பக்கத்தில் நின்று கொடியில் போட்டான்.